போனுக்குள் கேட்ட எஞ்சின்

எங்கள் விமானத்தின் இறக்கை துணியால் ஆனது. டென்மார்க்கில் நாங்கள் வாழும் பிராண்டே ஊரில் இருக்கும் நம்மவர்களிடம் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி இறக்கையின் கூட்டைச் செய்து, அதன்மேல் செயற்கைத் துணியைப் போர்த்தி, ஓரங்களைப் பசை வைத்து ஒட்டிய பிறகு, வீட்டில் சட்டை தேய்க்கும் அயன்பொக்ஸால் மெல்ல மெல்லச் சூடு காட்டவேண்டும். சூடு பட்ட இடம் சுருங்கி, இழுபட்டு, மேளத்தோல் மாதிரி விறைத்துவிடும். சூடு கூடினால் சட்டமே வளைந்துபோகும். குறைந்தால் துணி காற்றில் தொளதொளக்கும். வீட்டு அயன்பொக்ஸை நான் தூக்கிக்கொண்டு புறப்பட்ட நாளில் மனைவி வாசல்வரை வந்து சத்தம் போட்டாள்.

"பிளேனுக்கு அயன் பண்ணப் போறியள். உங்கடை சேட்டை ஒருநாளாவது அயன் பண்ணினனீங்களோ?"

நியாயமான கேள்விதான். காரை எடுத்தேன்.

விமானத்தைத் தொடங்கியவன் நான் அல்ல. காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் நின்று கண்ணாடி இழைக்குப் பிசின் பூசிய டேனிஷ்காரர் ஒருவர் தொடங்கியது அது. என்னைவிட வயதில் மூத்தவர். அளந்துதான் பேசுவார். மதிய இடைவேளையில் கறுப்பு ரொட்டிப் பாணைக் கடித்துக்கொண்டு வரைபடங்களை மேசையில் விரித்துவைத்திருப்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, நீ பூசுகிற இடத்தில் காற்றுக் குமிழி வருவதில்லை, என் விமானத்துக்கு வந்து பூசுகிறாயா என்று கேட்டார். இருவர் அமரும் சின்ன விமானம். பழைய கார் ஒன்றின் எஞ்சின். வீட்டுக்குப் பின்னால் இருந்த களஞ்சியத்தில்தான் வேலை. களஞ்சியத்தைத் தாண்டினால் அவரே புல் வெட்டிப் பராமரிக்கும் ஓடுபாதை. ஓம் என்றுவிட்டேன். பனிக்காலங்களை எல்லாம் அந்தக் களஞ்சியத்தில் கழித்தோம்.

ஏன் ஓம் என்றேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இளவட்டமாக இருந்த காலத்தில், வானத்தில் சத்தம் கேட்டால் நான் செய்யத் தெரிந்துவைத்திருந்த ஒரே காரியம் குப்புற விழுந்து படுப்பது. அந்தப் பயத்தோடுதான் டென்மார்க் வந்தேன். இங்கே வந்து பல வருடங்களுக்குப் பிறகும் ஹெலிகொப்டர் போனால் என் முதுகு கூசும். அது எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்தச் சத்தத்தை ஒருதடவையாவது என் கையால் கூட்டிக் குறைக்கவேண்டும் என்று நினைத்தேன். விமானக் கிளப் ஒன்றில் சேர்ந்து, பரீட்சை எழுதி, விமானம் ஓட்டும் அனுமதியும் எடுத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சில நேரங்களில் அது நல்ல காரியத்துக்கும் உதவியிருக்கிறது.

என் அக்கா வன்னியில் இருந்தார். இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அத்தான் நோயில் போய்ச் சேர்ந்துவிட, அக்காவும் மகளும்தான். சமாதான காலத்தில் நான் ஒருமுறை போய் அவர்களோடு தங்கியபோது அந்த மகள், என் மருமகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிளேன் கட்டுகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு போன் எடுக்கும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. கட்டுறியளோ, இல்லாட்டிக் கட்டினதைக் கழட்டுறியளோ?"

கழற்றுவதுதான் அதிகம் என்பேன். அது பொய்யுமில்லை. ஒட்டிய சட்டத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினோம். பெற்றோல் குழாயை இருமுறை மாற்றிப் போட்டோம். துணி போர்த்துவதற்கு முன் இறக்கையின் உள்ளே பார்க்க வந்த பரிசோதகர் ஓர் ஒட்டைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க, அந்தப் பக்கம் முழுவதையும் திரும்பச் செய்தோம். எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்வேன். பறக்கத் தொடங்கியதும் தன்னை ஏற்றவேண்டும், வேறு ஒருவரையும் முதலில் ஏற்றக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

சண்டை கடுமையாகி அவர்கள் ஊர் ஊராக நகரத் தொடங்கிய பிறகு போன் அருமையாகிப்போனது. ஆரம்பத்தில் வந்த ஓர் அழைப்பில் அவள்தான் எனக்கு 'வண்டு' பற்றிச் சொன்னாள். ஆள் இல்லாமல் பறக்கும் வேவு விமானத்துக்கு அங்கே சனம் வைத்த பெயர் அது. சின்ன எஞ்சின், ஓயாமல் ரீங்காரமிட்டுக்கொண்டு தலைக்கு மேல் சுற்றுமாம். அது பார்த்துவிட்டுப் போனால் பின்னால் ஷெல் வரும். ஆகையால் வண்டுச் சத்தம் கேட்டதும் சனம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு பங்கருக்குள் இறங்கிவிடும். போனில் கதைத்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள், போனை வைத்தே ஆமிக்காரன் இடத்தைக் கண்டுபிடிப்பான் என்ற பயம்.

"உங்கடை பிளேனுக்கும் இப்பிடிச் சின்ன எஞ்சின்தானே மாமா? அதின்ரை சத்தமும் இப்பிடித்தான் இருக்குமோ?" என்று கேட்டாள். எங்களுடைய எஞ்சினை அதுவரை விமானத்தில் பூட்டவே இல்லை. எனக்குத் தெரியாது என்றேன்.

விமானம் முடிந்தது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடத்தின் வசந்த காலத்தில். முடிய வேறு காலம் கிடைக்கவில்லை. நாங்கள் பஸ் பிடித்துக் கோபன்ஹேகனுக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லிப் பதாகைகளோடு நின்றோம். வீட்டில் மாலையில் செபமாலை, இரவில் கணினி. பிள்ளைகள் என்ன நடக்கிறது என்று டேனிஷில் கேட்பார்கள், எங்களுக்குப் பதில் எந்த மொழியிலும் வராது. தமிழ்க் கடையில் ஒருவர் எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"அங்கை அவங்கள் பிளேனாலை குண்டு போடுறாங்கள். இவர் இஞ்சை பிளேன் விட்டு விளையாடுறார்."

வாங்கிய வெண்டிக்காயை அங்கேயே போட்டுவிட்டு, அவரைக் கெட்ட வார்த்தையால் ஏசிவிட்டு வந்தேன். அதன்பிறகு அந்தக் கடைக்கு மனைவியைத்தான் அனுப்பினேன். உண்மையில் அந்த நாட்களில் களஞ்சியம் ஒன்றுதான் என்னைக் கிறுக்குப் பிடிக்காமல் வைத்திருந்தது. தீப்பொறிப் பிளக்கைக் கழற்றித் துடைக்கும்போது அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. போன் மட்டும் எப்போதும் மேலங்கிப் பையில் இருக்கும்.

அழைப்பு ஒரு சனிக்கிழமை பகலில் வந்தது. விமானத்தை வெளியே தள்ளி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, வாலைக் கயிற்றால் டிராக்டரில் கட்டியிருந்தோம். பறப்பதற்கு முன் எஞ்சினை நிலத்தில் ஓடவிட்டுப் பழக்கவேண்டும், அதற்கான நாள். நண்பர் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார். நான் தீயணைக்கும் சிலிண்டரோடு பக்கத்தில் நின்றேன். பையில் போன் அதிர்ந்தது. எங்கிருந்து என்று சொல்லமுடியாத நீளமான இலக்கம். காதில் வைத்தால் இரைச்சலுக்குள்ளே அக்கா.

"தம்பி, நான்தான். ஒராளின்ரை சற்றலைற் போன். கனக்கக் கதைக்கேலாது."

"எங்கை அக்கா நிக்கிறியள்? சாப்பாடு இருக்கோ?"

"கடற்கரையிலை நிக்கிறம். கஞ்சி குடுக்கிறாங்கள்."

"பிள்ளை எங்கை? அவளிட்டை ஒருக்காக் குடுங்கோ. பிளேன் முடிஞ்சுது எண்டு சொல்லவேணும்."

அந்தக் கணம்தான் எஞ்சின் பிடித்தது. எனக்கு முதுகுக்குப் பின்னால் அது இருமி, திணறி, பிறகு ஒரே சீராக இரையத் தொடங்கியது. போனுக்குள் அக்கா ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"வண்டு வந்திட்டுது தம்பி. நான் வைக்கிறன்."

அழைப்பு அறுந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நண்பர் பெருவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை நான் அவ்வளவு சந்தோசமாக அதற்கு முன் கண்டதில்லை. என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா கேட்டது வன்னி வானத்து வண்டை அல்ல, எங்கள் எஞ்சினை. நிறுத்து, நிறுத்து என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடினேன். அவர் பயந்துபோய் எஞ்சினை அணைத்தார். அந்த இலக்கத்துக்கு அன்று முழுவதும் திரும்பத் திரும்ப எடுத்தேன். தொடர்பு கிடைக்கவே இல்லை.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிய அதற்குப் பிறகும் காலம் எடுத்தது. தப்பிய சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமுக்குள் போய்வந்த தூரத்து உறவினர் ஒருவர் மூலம் கடைசியில் செய்தி கிடைத்தது. அக்கா முட்கம்பிக்குள்ளே உயிரோடு இருக்கிறார். பிள்ளை இல்லை. ஷெல். எந்த நாள் என்று செய்தி சொன்னவருக்குத் தெரியவில்லை. பிறகு அக்காவே முகாமிலிருந்து கதைத்தபோது இரண்டு பேரும் அழுதோம். "போயிட்டாளடா" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த அழைப்புக்கு முன்னா, பின்னா? எனக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான். கேட்கத் துணிவில்லாமல் இருந்ததும் அது ஒன்றுதான். பிள்ளை தாய்க்குப் பக்கத்தில், தன் முறை வரும் என்று போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருப்பாள். தாய் வண்டு என்று கத்தியிருப்பார். இருவரும் ஓடியிருப்பார்கள். இல்லாத வண்டுக்குப் பயந்து ஓடிய வழியில் எங்கேயோ அந்த ஷெல். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நானே உண்டாக்கி, நானே பார்த்து, தொழிற்சாலையிலும் கோயிலிலும் கார் ஓட்டும்போதும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர் அந்தக் கோடையில் முதல் பறப்பை முடித்து, விமானம் நல்ல பிள்ளை என்று அறிவித்தார். அடுத்து என் முறை. காரணத்தை அவரிடம் சொல்லத் தெரியாததால் மறுக்கவும் முடியவில்லை. மேற்குக் காற்றுக்கு எதிரே ஓடி எழும்பினேன். ஊசியிலைக் காடு, பற்றைக்காடு, நாங்கள் பிசின் பூசிய இறக்கைகளோடு சுற்றிக்கொண்டிருந்த வெள்ளைக் கோபுரங்கள் எல்லாம் கீழே விரிந்தன. அழகாகத்தான் இருந்தது. உயரம் எடுத்ததும் விசையைக் குறைக்கவேண்டும். குறைத்தேன். எஞ்சின் ஒரே சீரான இரைச்சலுக்கு இறங்கியது. காதுக் கவசத்துக்குள் அக்காவின் குரல், தெளிவாக: "நான் வைக்கிறன்." கீழே ஒரு வீட்டுத் தோட்டத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த யாரோ முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். விமானத்தைச் சட்டென்று திருப்பினேன். திரும்பி வந்து இறங்கும்போது விமானம் புல்லில் இரண்டு தரம் குதித்தது.

அதன் பிறகு நான் பறக்கவில்லை. முதுகு வலி என்று நண்பரிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ என்னவோ, துருவிக் கேட்கவில்லை. ஆனால் பராமரிப்பை நான் விடவில்லை. எண்ணெய் மாற்றினேன். அதன் வடிகட்டியைக் கழற்றி வெட்டிப் பிரித்து, உள்ளே உலோகத் துகள் மினுங்குகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வால் சிறகின் இணைப்பு ஆணிகளை, கம்பிகளை, துணியில் வெயில் தின்ற இடங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அந்த எஞ்சினால் இன்னொரு உயிர் போகக்கூடாது என்ற பயம் எனக்கு. நண்பர் எஞ்சினைத் தொடக்கும் நேரம் மட்டும் ஏதாவது சாட்டுச் சொல்லிவிட்டுக் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மனைவிக்கு மட்டும் தெரியும்.

"அக்காவிட்டைக் கேளுங்கோவன். கேட்டால்தானே தெரியும்," என்பாள்.

"கேட்டு, ஓம் அதுக்குப் பிறகுதான் எண்டு அவ சொன்னால் நான் என்ன செய்யிறது?"

எனக்கு அவள்மீது காரணமில்லாமல் கோபம் வந்தது.

அக்கா விசா கிடைத்து எங்களிடம் வந்தது பல வருடங்கள் கழித்து, ஒரு கோடையில். மெலிந்திருந்தார். ஆனால் வாய் அப்படியே இருந்தது. வந்த இரண்டாம் நாள் வீட்டுப் பின்வளவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தை முடுக்கினார். நான் பதறி எழுந்து, வாங்கோ உள்ளே போவோம் என்று அவரது கையைப் பிடித்தேன். அக்கா தேநீரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"என்னடா உனக்கு? புல்லுத்தானே வெட்டுறான்."

பிறகு தேநீரை முடித்துவிட்டுக் கேட்டார்: "எங்கை உன்ரை பிளேன்? அவள் பாக்கவேணும் பாக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவள். எனக்கெண்டாலும் காட்டு."

நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்துப் பார்த்தேன். அக்காவிடம் அதெல்லாம் எடுபடாது. கடைசியில் கூட்டிக்கொண்டு போனேன். நண்பர் அன்று வீட்டில் இல்லை. களஞ்சியக் கதவைத் திறந்து விமானத்தை வெளியே தள்ளினேன். அக்கா சுற்றிவந்து பார்த்தார். இறக்கையை விரலால் சுண்டினார்.

"இது சீலையே?"

"ஓம் அக்கா."

"சீலையைக் கட்டிக்கொண்டோடா ஆகாசத்திலை போறாய்?" என்று சிரித்தார். மகளின் சிரிப்பு அந்த முகத்தில்தான் இருந்தது என்பதை நான் மறந்துபோயிருந்தேன். பார்க்கமுடியாமல் குனிந்து சில்லுக்குக் கட்டை வைத்தேன்.

"ஸ்டாட் பண்ணு. சத்தத்தைக் கேப்பம்."

"பிளேனின்ரை பற்றறி இறங்கிப்போச்சு அக்கா."

"பொய் சொல்லாதை. நீ சின்னனிலை பொய் சொன்னாலும் உன்ரை காது சிவக்கும்."

அவரை இறக்கைக்குப் பின்னால், சுழலிக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினேன். அது இருமி, திணறி, சீரான இரைச்சலுக்கு வந்தது. நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்து படுப்பார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் காதைப் பொத்துவார் என்று. அவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, கோயிலில் பிரசங்கம் கேட்கிறவர்போல நின்றார். சேலைத் தலைப்பு காற்றில் அடித்துக்கொண்டது. போதும் என்று கை காட்டினார். அணைத்தேன். சுழலி நின்ற பிறகு கிட்ட வந்தார்.

"அண்டைக்குப் போனிலை கேட்டது இதுதானே?"

இத்தனை வருடம் நான் பூட்டி வைத்திருந்ததை அவர் இப்படிச் சாதாரணமாகத் திறப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. இறங்கவும் முடியாமல் அந்த ஆசனத்தில் இருந்தபடியே கொட்டித் தீர்த்தேன்.

"ஓம் அக்கா, இதுதான். அது வண்டு இல்லை. நீங்கள் வண்டெண்டு நினைச்சு வைச்சிட்டியள். நீங்கள் ரெண்டுபேரும் ஓடியிருப்பியள், அதிலைதான் பிள்ளைக்கு…"

"விசரா," என்றார் அக்கா. "நாங்கள் அந்தச் சத்தத்துக்குக் கீழை கிடந்தனாங்கள். தலைக்கு மேலை நிக்கிறது எது, போனுக்குள்ளை கேக்கிறது எது எண்டு எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் அக்கா வைச்சனீங்கள்?"

அவர் துணி இறக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பிள்ளையிட்டைக் குடுங்கோ எண்டு கேட்டாய். முதல்நாள் பின்னேரம்தான் அவளைக் கடற்கரை மண்ணிலை தாட்டனாங்கள். உனக்குச் சொல்லத்தான் அந்த ஆளைக் கெஞ்சிப் போனை வாங்கினனான். நீ பிளேன் முடிஞ்சுது, அவளிட்டைச் சொல்லவேணும் எண்டு சந்தோசமாக் கேக்கிறாய். எனக்கு வாய் வரேல்லை."

நான் குலுங்கி அழுதேன். பிள்ளைக்காக அழுதேனா, அந்தக் கடற்கரையில் போனைப் பிடித்துக்கொண்டு வாய் வராமல் நின்ற அக்காவுக்காக அழுதேனா, எனக்குத் தெரியாது. என்னால்தான் என்று இவ்வளவு காலம் சுமந்த பாரம் இறங்கியதா என்றால், இறங்கியது. அது இருந்த இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. அக்கா கையை நீட்டி, சின்ன வயதில் செய்வதுபோல என் பின்தலையைத் தடவினார்.

"நல்லகாலம் தம்பி," என்றார், "அந்த நேரம் பாத்து உந்தச் சத்தம் வந்தது."